எட்டுப் போட்ட பிறகு

ஆர்டிஓ அலுவலக மைதானத்தில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். மூன்றாம் முறையாக வந்திருக்கும் கல்லூரிப் பையன், அடுத்த வீட்டு ஸ்கூட்டியைக் கடன் வாங்கி வந்திருக்கும் அக்கா, யாருக்கு முன்னால் போய் நிற்கவேண்டும் என்று தெரிந்த டிரைவிங் ஸ்கூல் ஆள் என்று எல்லோருக்கும் கண் ஒரே இடத்தில்தான். தரையில் வரைந்த எட்டு. கால் ஊன்றாமல் அதைச் சுற்றி வந்துவிட்டால் பைக் ஓட்டத் தெரியும் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும். கார் என்றால் ஆய்வாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று, இரண்டாம் கியர், மூன்றாம் கியர், ஒரு யூ டர்ன். நானும் அப்படித்தான் உரிமம் வாங்கினேன்.

எட்டுப் போடும் வேகம் மணிக்குப் பத்து கி.மீ.கூட இருக்காது. "அறுபதில் போ, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக் காட்டு" என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அதற்குப் பிந்தைய இருபது வருடங்களில் நான் பிரேக்கை அப்படி மிதித்தது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தால் மூன்று. மூன்றும் ஒத்திகை பார்க்காத அரங்கேற்றங்கள். ஒரு தடவை எருமை, ஒரு தடவை திரும்பும் விளக்குப் போடாத ஷேர் ஆட்டோ, ஒரு தடவை நானே.

நீச்சலோ சமையலோ பழகப் பழகக் கைவரும். ஆபத்தில் வண்டியைக் காப்பாற்றும் வித்தை ஆறேழு வருடத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படுகிறது. தேவைப்படும்போது ஒன்றரை நொடிதான் கிடைக்கிறது. அப்படி ஒன்றைக் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும் என்று நம்பிச் சில நாடுகள் சட்டமே போட்டன. அதில் கிடைத்த முடிவு யாரும் எதிர்பாராதது. அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

நல்ல வெயிலில், காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். நொடிக்கு 16.7 மீட்டர். எதிரே ஏதோ தெரிகிறது. அது ஆபத்து என்று மூளைக்கு உறைத்து, கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற, எதிர்பாராத நேரத்தில் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிட்டது, இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. பிறகு நிற்க 20 மீட்டர். மொத்தம் 45. நம் நெடுஞ்சாலைகளை வடிவமைக்கும் பொறியாளர்கள் இன்னும் தாராளமாக, ஓட்டுநர் சுதாரிக்க இரண்டரை நொடி ஆகும் என்றே கணக்கு வைக்கிறார்கள்.

பக்கத்து லேனில் இன்னொரு கார், 80 கி.மீ. வேகத்தில். அதே சாலை, அதே டயர், அதே கணத்தில் அதே ஆபத்து. அவரும் உங்களைப் போலவே சுதாரிக்கிறார், உங்களைப் போலவே மிதிக்கிறார். நீங்கள் நின்ற அந்த 45ஆவது மீட்டரில் அவர் எந்த வேகத்தில் இருப்பார்? இருபது என்பார்கள் பெரும்பாலானவர்கள், 80லிருந்து 60 போனால் இருபதுதானே! கணக்குப் போட்டால் வருவது 65. நீங்கள் நின்று மூச்சு விடும் இடத்தை அவர் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் கடக்கிறார். பிரேக் கரைக்கவேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது ஒரு காரணம். சுதாரிக்கும் நேரத்திலேயே அவர் 33 மீட்டரைத் தின்றுவிட்டது இன்னொரு காரணம். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று, தப்பு என்று நினைத்து இரண்டு தடவை அழித்துப் போட்டேன்.

அந்த 20 மீட்டரில் வண்டியை நிறுத்துவது எது? பிரேக் என்று சொல்லத் தோன்றும். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. 1,200 கிலோ கார் நான்கு டயரில் நிற்கிறது, காற்று 32 பிஎஸ்ஐ. எடையை அழுத்தத்தால் வகுத்தால், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை. நான்கு அஞ்சலட்டை ரப்பரை நம்பித்தான் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய் வருகிறோம்.

பீரோவை நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அசைகிறவரைதான் மூச்சு முட்டும். அசைந்துவிட்டால் அவ்வளவு பாடில்லை. வழுக்காமல் நிற்கும்போது இருக்கும் உராய்வு, வழுக்கத் தொடங்கிய பிறகு இருப்பதில்லை. உருளும் டயரில் தரையைத் தொடும் பகுதி, அந்தக் கணத்தில் தரைமீது கால் ஊன்றி நிற்கிற மாதிரிதான். சக்கரத்தை இறுக்கிப் பூட்டிவிட்டால் அதே ரப்பர் தேய்ந்துகொண்டு வழுக்குகிறது, பிடிப்பு குறைகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, பூட்டிய சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காது. நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

ஏபிஎஸ் வந்தது இதற்காகத்தான். 1978இல் பாஷ் நிறுவனம் உருவாக்கி மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்த மின்னணு ஏற்பாடு, இங்கே 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களிலும், 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளிலும் கட்டாயம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் உணரி கவனிக்கிறது. எந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறதோ அதன் பிரேக்கை மட்டும் நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை விட்டுப் பிடிக்கிறது. உங்கள் வேலை ஒன்றே ஒன்று, மிதித்த காலை எடுக்காமலிருப்பது.

அதைத்தான் நாம் செய்வதில்லை. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும். கீழே எதையோ அரைக்கிற மாதிரி சத்தம் வரும். வாழ்க்கையில் முதன்முறையாக அதைக் கேட்பவர், என்னமோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார். எருமை விஷயத்தில் நான் செய்தது அதுதான். எருமை என்னைவிட நிதானமாக இருந்ததால் இருவரும் பிழைத்தோம். சிமுலேட்டரில் ஓட்டுநர்களை உட்காரவைத்துச் சோதித்த மெர்சிடிஸ் பொறியாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். ஆபத்தில் பெரும்பாலானவர்கள் பிரேக்கை வேகமாக மிதிக்கிறார்கள், ஆனால் போதிய பலத்தோடு மிதிப்பதில்லை. இருக்கும் பிரேக்கில் ஒரு பகுதியை மிச்சம் வைத்துக்கொண்டே போய் இடிக்கிறார்கள். 1996இல் அவர்கள் பிரேக் அசிஸ்ட் கொண்டுவந்தார்கள்: பெடல் இறங்கும் வேகத்தைப் பார்த்து, இது அவசரம் என்று புரிந்துகொண்டு, மீதி பலத்தை வண்டியே போட்டுக்கொள்ளும்.

பிடிப்பு ஒரு சம்பளம் மாதிரி. நிறுத்தவும் திருப்பவும் அதே சம்பளத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். பிரேக்குக்கு 80 விழுக்காட்டைச் செலவிட்டால் திருப்ப 60 மிச்சம் இருக்கும். கூட்டினால் 140 வருகிறதே என்று கேட்டால், இரண்டும் செங்குத்துத் திசைகள், பித்தாகரஸ் வழியில் வர்க்கங்களைக் கூட்டவேண்டும். முழு நூறையும் பிரேக்குக்குக் கொடுத்தால் திருப்பக் காலணா மிச்சமில்லை. மழைநாளில் சம்பளமே பாதியாகக் குறையும். ஐப்பசி அடைமழையைவிட மோசம், பல வாரக் காய்ச்சலுக்குப் பிறகு விழும் முதல் தூறல்; சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து வழவழவென்று ஆகிவிடும், அடித்துப் பெய்தால்தான் கழுவிப்போகும். தண்ணீர் தேங்கி நிற்குமிடத்தில் வேகமாகப் போனால் டயர் தரையையே தொடாமல் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். 1960களில் நாசா விமானச் சக்கரங்களுக்காக இதை ஆராய்ந்து, மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டது. அந்தச் சூத்திரப்படி 32 பிஎஸ்ஐ டயர் ஏறக்குறைய 94 கி.மீ. வேகத்தில் மிதக்கும், காற்று இறங்கி 20இல் ஓடும் டயர் 75லேயே. வழுக்கையான டயருக்கு அதற்கும் முன்பே. ஸ்டியரிங் திடீரென்று இலகுவாகிவிட்டால் அதுதான் அறிகுறி. பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் போதும்.

இனி நார்வேக்குப் போவோம். வருடத்தில் பல மாதம் சாலை உறைந்து கிடக்கும் நாடு. வண்டி சறுக்குவது அங்கே அன்றாடம். புதிதாக உரிமம் வாங்கும் இளைஞர்கள் பனியில் சறுக்கி விபத்தில் சிக்குகிறார்கள்; ஆகவே சறுக்கும் வண்டியை அடக்கச் சொல்லிக்கொடுப்போம் என்று 1979இல் அரசு முடிவெடுத்தது. வழுக்குத் தளம் போட்ட மைதானங்களில் இரண்டாம் கட்டப் பயிற்சி கட்டாயமானது. பின்சக்கரம் விலகினால் எந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவது, பிரேக்கை எப்படி விட்டுப் பிடிப்பது என்று பையன்கள் சுழன்று சுழன்று கற்றார்கள். யாராவது எனக்கு இப்படி ஒரு வகுப்பு வைத்தால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

1988இல் வெளியான மதிப்பீட்டு ஆய்வு, இளைஞர்களில் ஆண்களுக்கு வழுக்குச் சாலை விபத்து குறையவில்லை, கூடியிருக்கிறது என்று சொன்னது. பயிற்சி எந்த விபத்தைத் தடுக்க வந்ததோ அந்த விபத்தே கூடிவிட்டது. பின்லாந்திலும் கட்டாயச் சறுக்குப் பயிற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

ஏன் இப்படி? மைதானத்தில் ஒரு மணி நேரம் சுழன்ற பையன் வெளியே வரும்போது இரண்டு விஷயங்களோடு வருகிறான். ஒன்று, கொஞ்சம் கைத்திறன். அது பழகாவிட்டால் சில மாதத்தில் மங்கிவிடும். இன்னொன்று, 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பு. அது மங்காது. நேற்றுவரை பனியைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்தவன் இன்று குறைப்பதில்லை. திறமை பத்து ரூபாய்க்குக் கூடினால் துணிச்சல் இருபது ரூபாய்க்குக் கூடுகிறது.

ஸ்வீடனில் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சன் என்ற ஆய்வாளர் இதைச் சின்னதாக, அழகாகச் சோதித்துப் பார்த்தார். ஆய்வு 1996இல் வெளியானது. வண்டி பழகும் 53 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். அவசர பிரேக் பிடித்து, தடையை விலக்கிப் போவதுதான் பாடம். ஒரு குழுவுக்கு அதை எவ்வளவு நன்றாக முடியுமோ அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு, 'உன் திறமைக்கு எல்லை உண்டு, ஒரு தடவை வந்தது அடுத்த தடவை வராது' என்று உணர்த்துவதே பயிற்சி. இருவருக்கும் ஏறக்குறைய அரைமணி நேரம்தான். ஒரு வாரம் கழித்து வரவழைத்து, 'எப்படிச் செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டுச் செய்யவிட்டார்கள். திறமைக் குழு தன்னைப் பற்றி உயர்வாகச் சொன்னது. செய்கையில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை.

வண்டி பழகுகிறவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1981இல் ஓலா ஸ்வென்சன் அமெரிக்க மாணவர்களிடம், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எவ்வளவு திறமையான ஓட்டுநர் என்று கேட்டபோது 93 விழுக்காட்டினர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன்காரர்கள் கொஞ்சம் அடக்கம், 69 விழுக்காடு. பாதிக்குமேல் பாதிப்பேர்தானே இருக்க முடியும்! கருவியைக் கொடுத்தாலும் இதே கதை. மியூனிக் நகரில் டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தார்கள். அந்த டாக்ஸிகளுக்கு விபத்து குறையவில்லை. நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓட்டுநர்கள் வளைவில் வேகமாகத் திரும்பினார்கள், முன்வண்டியை நெருங்கிப் போனார்கள்.

ஸ்வீடன் 1999இல் தன் பாடத்திட்டத்தை மாற்றியது. மைதானம் அப்படியே இருக்கிறது, வழுக்குத் தளமும் இருக்கிறது. இப்போது அங்கே போகிறவன் தோற்கத்தான் போகிறான். 50இல் நின்ற வண்டி 60இல் நிற்காது, 70இல் கூம்புகளைச் சிதறடித்துக்கொண்டு எங்கோ போய்ச் சுழலும். அவ்வளவு சின்ன வித்தியாசம் அவ்வளவு பெரிய முடிவைத் தருகிறது என்று உடம்புக்குத் தெரியவைத்து அனுப்புகிறார்கள்.

அதே ஸ்வீடனில் நடந்த வேறொரு சம்பவமும் இங்கே பொருந்தும். காட்டுமான் சாலையில் குறுக்கே வந்தால் விலக்கிப் போவதுபோல, வண்டியைச் சட்டென இடம் வலமாக ஒடித்துப் பார்க்கும் சோதனை அங்கே மோட்டார் பத்திரிகைகளுக்குப் பழக்கம். 1997 அக்டோபரில் ராபர்ட் கொலின் என்ற பத்திரிகையாளர் மெர்சிடிஸின் புத்தம்புதிய ஏ கிளாஸ் காரை அப்படி ஒடித்தார். கார் கவிழ்ந்தது. தேர்ந்த கையில்தான் கவிழ்ந்தது! விற்ற கார்களைத் திரும்ப வரவழைத்துச் சரிசெய்த நிறுவனம், விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை, இஎஸ்சி என்று இன்று சொல்வதை, அந்தச் சின்னக் காரிலும் பொருத்தியது. எந்த ஓட்டுநராலும் முடியாத ஒன்றை அது செய்யும். நான்கு சக்கரத்தில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து வண்டியின் மூக்கைத் திருப்பும். நமக்கு ஒரு பிரேக் பெடல்தானே இருக்கிறது. தனி வண்டி கவிழ்ந்தோ சாலையை விட்டு விலகியோ நடக்கும் உயிர்ப்பலி விபத்துகளை இது ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. புதுக் கார் வாங்கும்போது சன்ரூஃப் வேண்டுமா என்று கேட்கும் நேரத்தில், இது இருக்கிறதா என்று கேட்கலாம்.

அப்படியென்றால் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா? இருக்கிறது. பட்டியல் சின்னது. உடம்பின் முதல் எண்ணம் தப்பாக இருக்கும் இடங்கள் மட்டும்.

உடம்பு காலை எடுக்கச் சொல்லும், எடுக்கக்கூடாது. இதைப் பழக ஒரு காலி மைதானமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். பின்னால் யாரும் இல்லை, காருக்குள் தண்ணீர் பாட்டில் உருளவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40 கி.மீ. வேகத்தில் பெடலை உடைப்பதுபோல மிதியுங்கள். பெடல் உதறும், கார் ஒன்பது பத்து மீட்டரில் நிற்கும். அந்த உதறலை ஒருமுறை கால் அறிந்துவிட்டால் அடுத்த தடவை பயப்படாது. எனக்குத் தெரிந்து அரைமணியில் கற்று ஆயுசுக்கும் நிற்கும் பாடம் இது ஒன்றுதான். மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கவேண்டும். கால் நீட்டிவிட்டால் பலம் இருக்காது, சீட்டை முன்னால் தள்ளுங்கள்.

உடம்பு ஆபத்தையே பார்க்கும். எதைப் பார்க்கிறோமோ கை வண்டியை அங்கேதான் கொண்டுபோகும். அகலமான சாலையில் ஒற்றை மரத்தில் போய் மோதிய வண்டிகளைப் பார்த்து 'எப்படிய்யா?' என்று ஊரே வியப்பது இதனால்தான். மரத்தைப் பார்க்காமல் மரத்துக்குப் பக்கத்திலுள்ள இடைவெளியைப் பார்க்கவேண்டும்.

டயர் வெடித்தால் உடம்பு பிரேக் அடிக்கும். காற்றுப் போன சக்கரம் தன் பக்கமாக வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது பிரேக் அடித்தால் எடை முன்னுக்குச் சாய்ந்து இழுப்பு இன்னும் கூடும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி, நேராக வைத்து, பிரேக்கைத் தொடாமல் வேகம் தானாகக் குறைய விடவேண்டும். பாதி வேகத்துக்கு வந்தபின் ஓரம் கட்டலாம். வெடிக்காமலிருக்க வழி, பயணத்துக்கு முன் காற்றுப் பார்ப்பது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் அதிகம் மடங்கி மடங்கிச் சூடேறும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் வெடிப்பவை பெரும்பாலும் இந்த வகை.

நாய் குறுக்கே வந்தால் உடம்பு ஒடிக்கும். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேகமாகப் போகும்போது நாய்க்காக ஒடிக்கக்கூடாது. நேராக வைத்துக்கொண்டு முழு பிரேக். ஒடித்தால் மீடியனில் ஏறும், அல்லது பக்கத்தில் வரும் பைக்கை இடிக்கும். மாடு வேறு, அது உயரமானது, தட்டினால் கண்ணாடி வழியாக மடிக்கே வந்துவிடும். அங்கேயும் முதலில் பிரேக், வேகம் குறைந்தபின் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு விலக்குவது. சம்பளக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் 'முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்' என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தும் சக்தியில் முக்கால் பங்குக்குமேல் முன்னால்தான். 1981இல் வெளியான ஹாரி ஹர்ட்டின் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், விபத்துக்குள்ளானவர்கள் பின் பிரேக்கை அளவுக்குமேல் மிதித்துச் சறுக்கியதும் முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. தூக்கி அடிப்பது, கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே வெடுக்கென்று பிடித்தால்தான். நேராக வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

என் பெரியப்பா சங்ககிரிக்காரர், முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவருக்கு ஏபிஎஸ் தெரியாது, தொப்பூர் தெரியும். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் அந்தக் கணவாய் இறக்கமும் இரட்டைப் பாலமும் எத்தனை லாரிகளைக் கவிழ்த்திருக்கின்றன என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். "ஏறுன கியர்லயே எறங்கோணும் கண்ணு. நூட்டல்ல உட்டீன்னா வண்டி உன்னுதில்ல" என்பார்.

அந்த ஒற்றை வரியில் இருக்கும் இயற்பியல் இது. 25 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல், 80 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு கல்யாண அண்டா. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் அவ்வளவு சூடும் பிரேக் டிரம்மில்தான் போய்ச் சேரவேண்டும். சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். ஓட்டுநர் இன்னும் மிதிப்பார், இன்னும் சூடேறும். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவதுண்டு. அணைத்தால் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் போகும். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே வரும், அந்தச் சூடு ரேடியேட்டர் வழியாகக் காற்றில் போகும். இதில் வேடிக்கை, இன்றைய மின்னணு இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் டீசலை அடியோடு நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கிறது. மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு.

காருக்கும் இதே சட்டம்தான், வழி வேறு. காரின் பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசிகளிலோ வால்பாறையின் 40இலோ பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பழைய திரவம் கொதித்து ஆவியாகும். திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். அப்போது படபடவென்று மிதித்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கலாம், கியரை ஒவ்வொன்றாக இறக்கலாம், கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம், கடைசியில் மலைச்சுவர்ப் பக்கம் உரசி நிறுத்தலாம். திரவத்தைப் பட்டறையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இவற்றையெல்லாம்விட எளிது.

லண்டன் போலீஸ் 1930களில் ஹெண்டன் என்ற இடத்தில் ஓட்டுநர் பள்ளி தொடங்கியது. அந்த மரபில் வந்த உயர்நிலைப் பயிற்சியில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. சறுக்கலும் சுழலலும் இல்லை. ஓட்டிக்கொண்டே, கண்ணில் படுவதையும் அதனால் என்ன ஆகலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். ஒரு நாள் ஈசிஆரில் நானும் செய்து பார்த்தேன். "இடப்பக்கம் இளநீர்க் கடை, கார் நிற்கிறது, கதவு திறக்கலாம். முன்னால் பைக், ஹெல்மெட்டுக்குள் போன், திரும்பிப் பார்க்காமல் திரும்பலாம். எதிரே ஆட்டோ, பின்னால் பஸ், பஸ் முந்த வெளியே வரும்." பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, யாருகிட்ட பேசறீங்க?" என்றாள். பத்து நிமிடத்தில் தொண்டை வறண்டது. அதுவரை அந்தச் சாலையை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

முன்வண்டியோடு இரண்டு நொடி இடைவெளி விடச் சொல்வார்கள். நூறில் போனால் 55 மீட்டர், நம் ஊரில் அந்த இடத்துக்குள் ஒரு ஆம்னி பஸ் வந்து நுழைந்துவிடும் என்பது உண்மைதான். நுழைந்தால் மறுபடி பின்வாங்கவேண்டும், இரண்டு நொடி நஷ்டம். சேலத்திலிருந்து சென்னைக்குள் முப்பது வண்டி நுழைந்தாலும் ஒரு நிமிடம் தாமதம். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் முட்டிக்கொண்டு போகிறோம்.

பெரியப்பாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். போன தைப்பொங்கலுக்கு என் காரை அவர்தான் ஓட்டினார். மகுடஞ்சாவடி பக்கம் ஒரு டீக்கடை எதிரே பஸ் நின்றிருந்தது. சாலை காலி. ஆனாலும் தூரத்திலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வேகம் தானாக இறங்கி, பஸ்ஸை நெருங்கும்போது நடந்துபோகிற மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் பெரியப்பா, யாரும் இல்லியே?"

"பஸ்ஸுக்கு அடியில ரெண்டு கால் தெரிஞ்சுது" என்றார்.

பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து, கையில் தூக்குப் போசியோடு ஒரு பெரியவர் வெளிப்பட்டு, எங்கள் பக்கம் திரும்பியே பார்க்காமல் சாலையைக் கடந்து போனார்.